விடுதலைப் பத்திரம்

நாட்டுக்கு 1947-லேயே விடுதலை கிடைத்துவிட்டது. எங்கள் மதுரைப் பக்கத்துப் பெண்ணுக்கு அப்பன் கருமாதி முடிந்த மறுவாரம் கிடைக்கும். அதற்குப் பத்திரமே உண்டு: விடுதலைப் பத்திரம்.

அப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. இருபது வருஷத்து மொய் நோட்டை வரி பிசகாமல் சொல்வான். தன் கருமாதிக்கு எந்தக் கடையில் கறி எடுப்பது என்பதுவரை சொல்லி வைத்திருப்பான். உயில் மட்டும் எழுதமாட்டான். எழுதினால் உயிர் போய்விடுமாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை; வெள்ளைத்தாளில் அவன் கையெழுத்தும் இரண்டு சாட்சி கையெழுத்தும் போதும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் நாலு சாட்சி சிக்குகிற ஊர் இது!

எழுதாமலே உயிர் போகிறது. வாரிசுச் சான்றிதழில் மகள் பெயரும் ஏறிவிடுகிறது. அப்பன் சம்பாத்தியத்தில் அவளுக்கு 1956 முதலே சமபங்கு. பூர்வீகச் சொத்துக்கு 1989-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது, அதற்குள் தாலி ஏறியவளை ஒதுக்கிவிட்டு. 2005-ல் டெல்லி அவளையும் சேர்த்தது. அப்பன் அதற்கு முன்பே போயிருந்தாலும் உரிமை உண்டென்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தனையையும் எங்கள் அண்ணன்மார் ஒரே வாக்கியத்தில் கவிழ்ப்பார்கள்: "ஒனக்குத்தான் முப்பது பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே தாயி."

அண்ணன் இன்ஜினீயரிங் படித்த செலவு எந்த நோட்டிலும் ஏறாது. நாலுவழிச்சாலை ஓரத்து மூன்று ஏக்கர் இன்று என்ன விலை என்று கேட்டாலோ, "பெறந்த வீட்டு வாசல மிதிக்காத."

இதே ஊரில்தான் சித்திரைக்குச் சித்திரை மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அவள் அப்பன் மலையத்துவசனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் தப்பித்தாள். ஊர் கதையில் அழகரும் அண்ணன்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு நேரம் தப்பி வந்தாலும் சீரோடு வந்தார், பத்திரத்தோடு வரவில்லை.

பதிவு ஆபீசில் பத்திரம் எழுதுபவர் வாசித்துக் காட்டுகிறார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு என் பாகத்தை விடுதலை செய்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. அடுத்து ரேகை எடுக்கும் கருவி. அப்பன் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒன்றரை வருஷம் பீத்துணி அலசிய விரல், ரேகை விழவில்லை. "தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா." அப்போதும் விழவில்லை. அண்ணன் எழுந்து வந்தான். கருமாதியில் தனக்குக் கட்டிய உருமாத் துண்டால் தங்கச்சியின் கட்டைவிரலைப் பாசமாகத் துடைத்து, கண்ணாடியில் வைத்து மெல்ல அழுத்தினான்.

பச்சை விளக்கு எரிந்தது.