மலைப்பாதை விதியும் மடிக்கணினி மிகைவேகமும்: ஓர் ஆய்வு

மடிக்கணினியின் செயலியை, செய்தவர் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக், அதாவது மிகைவேகம், எனப்படும். இது தகுமா என்ற வழக்கைத் தீர்க்கும் சான்று கலிபோர்னியாவில் இல்லை, திருமலை மலைப்பாதையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1944இல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. 1974இல் வந்த புதியது ஏறுவதற்கு. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் ஆகியே தீர வேண்டும் என்பது தேவஸ்தானம் வகுத்த விதி. சீட்டில் நேரம் குறித்துத் தருவார்கள். முந்தி வந்தவருக்கு அபராதம். தாமதத்தைத் தண்டிக்கும் உலகில் இது அபூர்வம். பழைய பாதை சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். சராசரி, மணிக்கு 28 கிலோமீட்டர் சொச்சம். நம் டிரைவர் கேட்பாரா? வண்டிக்குள் இருப்பவர்கள் பக்தியாலன்றி பயத்தால் கோவிந்தா போடும்படி பறப்பார். பிறகு சாவடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி, மிச்ச நிமிடங்களைப் பல் குத்திக் கழிப்பார்.

மிகைவேகச் செயலி செய்வதும் இதுவே. அது தின்னும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். பத்து விழுக்காடு வேகத்துக்காக அழுத்தத்தையும் பத்து விழுக்காடு உயர்த்த நேர்ந்தால், சூடு 33 விழுக்காடு கூடும். மெல்லிய உடம்புக்குள் அடைபட்ட சின்ன விசிறி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? 100 டிகிரியை நெருங்கியதும் செயலி தானே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டிவிடும். பல் மட்டும் குத்தாது.

இங்கே ஒரு தடை எழலாம். 1998இல் வந்த செலரான் 300ஏ செயலியை, தரவுத்தடமான பஸ்ஸின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 450இல் ஓட்டினார்களே என்பர். ஓட்டினார்கள். அது மேசைக் கணினி என்க.

இனி எண் ஆராய்ச்சி. மலையேறும் கெடு 28 நிமிடம். பல இன்டெல் மடிக்கணினிகளில், செயலி தானே சிறிது நேரம் வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ வேகத்துக்கு அளவு பார்க்கும் கால எல்லையும் 28 விநாடி. தற்செயல் என்பார் சிலர். அவர்களோடு இக்கட்டுரை வாதிடாது.

மிகைவேகிகள் இரு மதத்தினர். பயாஸ் அமைப்பைத் திறந்து, வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணைத் தாமே ஏற்றுவோர் மர்க்கட நியாயத்தார்: தாயைப் பற்றும் குரங்குக் குட்டியைப்போல் விடாப்பிடி. டர்போ கவ்விக்கொண்டு போகிறபடி போகட்டும் என்று பூனைக்குட்டியைப்போல் கிடப்போர் மார்ஜார நியாயத்தார். பெரும்பாலான மடிக்கணினிகளில் பெருக்கெண்ணைப் பூட்டியே அனுப்புவதால், முன்னவருக்குப் பற்றிக்கொள்ளத் தாயே இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் மூன்றாம் மார்க்கம் ஒன்று உண்டு. உண்மையில் மடிக்கணினிக்கு ஏற்றது அதுதான். ஆனால் 2019 டிசம்பரில், அதே அழுத்தக் குறைப்பைப் பயன்படுத்தும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபின், பல கணினிகளில் பயாஸ் புதுப்பிப்பு அந்த வழியையும் அடைத்துவிட்டது.

எஞ்சிய ஐயம் ஒன்று: கணினியை மலைக்கே கொண்டுபோனால் என்ன? திருமலை சுமார் 850 மீட்டர் உயரம். திருப்பதியைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி. அந்த நாலைந்தும் செயலிக்கு லாபம். ஆனால் மேலே காற்று மெலிந்தது. விசிறி அள்ளும் காற்றின் எடை குறைந்து, லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிகரம் எவ்வளவு என்று கோயில் நிழலில் அளந்து பார்த்திருக்கலாம். கோயிலுக்குள் மின்னணுக் கருவிகளுக்கு அனுமதி இல்லாததால், ஆய்வின் இப்பகுதி லக்கேஜ் கவுன்ட்டரில் டோக்கனோடு நிற்கிறது.