நிக்கல் தொட்டியின் சார்பில் ஒரு விண்ணப்பம்

புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்துப் பெரியோர்களுக்கு, வானகரத்திலிருந்து வணக்கம்.

2023 ஜனவரியில் தாங்கள் அருளிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் கணக்கைப் பயபக்தியோடு படித்தோம். மொத்தம் 19,744 கோடி ரூபாய். ஊக்கத்தொகைக்கு 17,490 கோடி, ஆராய்ச்சிக்கு 400 கோடி. நூற்றுக்கு இரண்டு. பணத்தைக் கண்டு விஞ்ஞானிகள் மயங்கி விழக்கூடாதென்ற தங்கள் தாயுள்ளம் புரிகிறது. அந்த இரண்டிலாவது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பிளேட்டிங் பட்டறைக்கு ஏதும் உண்டா என்று தேடியதுதான் எங்கள் பிழை. அங்கே நிக்கல் முலாம் பூசும் தொட்டியின் கரைசல் ஐம்பது, அறுபது டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். அதற்காக ஹீட்டரை முக்கி வைத்தால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான். ஹீட் பம்ப் அதே 1 யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 யூனிட் தரும். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை; சுற்றியிருக்கும் காற்றிலிருந்து அள்ளி வருகிறது. வானகரம் மீன் சந்தையின் மீனுக்கு ஐஸ் கட்டும் கம்ப்ரசரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே குளிர் மீனுக்கு, வெப்பம் தெருவுக்கு. ஹைட்ரஜனோ, ஒரு கிலோ பிரித்தெடுக்க 50 யூனிட்டுக்கு மேல் குடித்துவிட்டு, எரிக்கும்போது 33 யூனிட் திருப்பித் தருகிறது. ஒன்றை மூன்றாக்குவது பழங்கதை, ஐம்பதை முப்பத்துமூன்றாக்குவது எதிர்காலம் போலும்!

உரத்துக்கும் எஃகுக்கும் வேறு வழி ஏது என்பீர்கள். நியாயம்தான், உரத்துக்கான அமோனியாவுக்கு ஹைட்ரஜனே மூலப்பொருள், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஹீட் பம்ப் கடைச்சரக்கு, அதில் ஆராய்ச்சி எதற்கு என்றால்தான் வழக்கு. அமிலப் புகையில் அரித்துப்போகாத குழாய், வோல்டேஜ் ஏறி இறங்கும் லைனிலும் நின்று ஓடும் கம்ப்ரசர், பத்துப் பேர் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் விலை, இவை மூன்றும் சேர்ந்த இயந்திரம் எந்தக் கடையிலும் தயாராக இல்லை. சிறுதொழிலுக்கு 2025இல் வட்டி மானியத் திட்டம் வந்ததே என்றும் சொல்லலாம். வந்தது, நன்றி. ஆனால் கடன் வாங்கிக்கொண்டு போனால் கடையில் சாமான் இருக்க வேண்டுமே. பெரிய ஆலைகள் தங்கள் ஆய்வுக்கூடத்தைத் தாங்களே கட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடம் வைக்க வக்கில்லாதவனுக்காகத்தான் அரசின் ஆராய்ச்சிப் பணமே.

எனவே அந்த 400 கோடியில் ஒரு சிறு துளியை இந்தத் தொட்டிப் பக்கம் சிந்த வேண்டுகிறோம். படிவத்தில் ஹைட்ரஜன் என்ற சொல் கட்டாயமென்றால் கவலையில்லை: முலாம் ஏறும்போது எதிர்மின்வாயில் கொஞ்சம் ஹைட்ரஜனும் குமிழிவிடுகிறது. அதைக் காட்டி விண்ணப்பிக்கலாமா, எத்தனை நகல் வேண்டும் என்று மட்டும் தெரிவிக்கவும்.