ஜாப் ஒர்க்குக்கு எடுக்காத சரக்கு

நூலை நிட்டிங்குக்கும், துணியைச் சாயப்பட்டறைக்கும், சாயமேறியதைக் காம்பாக்டிங்குக்கும், வெட்டிய துண்டுகளைப் பிரிண்டிங்குக்கும் அனுப்பிவிட்டு, சொன்ன தேதிக்கு ஒரு நாள் பிந்தியேனும் சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற திடநம்பிக்கையிலேயே ஜீவிக்கின்ற திருப்பூர்வாசிக்கு, பிளஸ் ஒன் படிக்கும் புத்திரன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மௌனவிரதம் பூண்டுவிட்டால், அவனையும் ஒரு டெலிவரி சலானோடு யாரிடமாவது அனுப்பிவைக்கலாமே என்று தோன்றுவது இயற்கையே. என் மைத்துனர் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியைச் சிபாரிசு செய்தார். சகலை ஒரு ஜோசியரைச் சொன்னார். என் தர்மபத்தினி இரண்டையும் நிராகரித்தாள். "ஜோசியரு பையன் கட்டத்தப் பாப்பாருங்க, பையன் மூஞ்சியப் பாக்கற ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றாள்.

அத்தகைய ஆளைக் கண்டுபிடிப்பது எளிதன்று. மனநல ஆலோசனை என்று பலகை மாட்டியவர்களெல்லாம் ஆலோசகர்களே. மறுப்பதற்கு நாம் யார்? மருந்து எழுதித் தரக்கூடியவர் மனநல மருத்துவர் என்பதும், பேச்சினாலேயே சிகிச்சை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கவேண்டும், அந்தப் பதிவெண்ணைக் கூச்சமின்றிக் கேட்கலாம் என்பதும் எங்கள் குடும்ப டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அப்படி ஒருவர் அகப்படும்வரை 14416-க்குப் பேசிப் பாருங்கள் என்றார் அவர். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த 'டெலி மனாஸ்' என்னும் இலவசச் சேவையின் எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவில், ஓவர்லாக் மெஷின்களின் பேரிரைச்சலுக்கிடையே, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். "சார், கொஞ்சம் அமைதியான இடத்துக்குப் போய்ப் பேச முடியுங்களா?" என்றது ஒரு பெண்குரல். "இதுதானுங்க ஆபீஸ் ரூம்" என்றேன். கடைசியாக வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று அடுத்த கேள்வி வந்தது. எந்தப் பாயருக்கு எந்தத் தேதியில் எத்தனை அட்டைப்பெட்டி போயிற்று என்பதை உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய நான், வெகுநேரம் யோசித்து, தீபாவளி என்றேன். எந்தத் தீபாவளி என்று அந்தப் பெண்மணி வினவாமல் விட்டதற்கு இன்றளவும் நன்றியுடையேன்.

ஒருவாறு பதிவெண்ணும் நிதானமும் உள்ள ஓர் அம்மையாரைக் கண்டுபிடித்து, பையனை உள்ளே அனுப்பி, "எத்தன மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகட்டுங்க?" என்று கேட்டேன். "நீங்களும் உட்காருங்க, அம்மாவும் வரட்டும்" என்றார் அவர். இது புது வழக்கமன்று. வியன்னாவில் பிராய்டு 1909-இல் பிரசுரித்த, குதிரையைக் கண்டு அஞ்சிய சிறுவனின் சரித்திரத்தில், சிகிச்சைக் காலத்தில் அவர் அப்பிள்ளையைச் சந்தித்தது ஒரே முறைதான். மீதி வேலை முழுவதையும் தகப்பனாரே ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்தார். நம் தேசத்திலோ, 1950-களில் டாக்டர் வித்யாசாகர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்து நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் திறந்த மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவதே முறையாயிற்று. நோய் ஒருவருடையதாயினும் அதற்குக் காவல் வீடு முழுவதும் என்று அவர்கள் அபிப்பிராயப்பட்டனர் போலும்.

எங்கள் வீடு முழுவதும் என்பதில் என் தகப்பனாரும் அடக்கம். எண்பதை நெருங்கும் அவர், யாரும் அழையாமலே காரில் ஏறி, அழையாமலே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார். "பேரனுக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. இவன் இந்த வயசுல இதவிட மோசமுங்க. ஒரு வாரம் எங்கூடப் பேசாம இருந்தானுங்க" என்று ஆரம்பித்து, என் பாலபருவத்துக் குற்றப்பத்திரிகையை, மாட்டுச் சந்தைக்குப் போன பணத்தில் நான் சினிமா பார்த்த வைபவம் உட்பட, சாவதானமாக வாசித்தார். அம்மையார் குறிப்பெடுத்தார். யாருடைய பெயரில் எடுத்தார் என்பதை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பல மாதங்களாகச் சிரிக்காத என் குமாரனோ, "அப்புறம் என்னாச்சுங்க அப்பாரு?" என்று கதை கேட்க ஆரம்பித்துவிட்டான்.

"அடுத்த சிட்டிங் சனிக்கிழமை சாயங்காலம்" என்றார் அம்மையார். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரன் எவனும் இடத்தைவிட்டு அசைய முடியாது; வாரச் சம்பளம் போடும் வேளை அது. நான் இழுத்தேன். "நீ போய்ட்டு வா, சம்பளத்த நான் போடறேன்" என்றார் தகப்பனார்.

போட்டார். அட்வான்ஸ் நோட்டு என்று ஒன்று இருப்பதையே அறியாதவராய், ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல், சில்லறையை மேல் நூறாக்கி, கைமடிப் பெண்கள் முதல் கட்டிங் மாஸ்டர் வரை எல்லாருக்கும் போட்டார். அடுத்த சிட்டிங் எந்தச் சனிக்கிழமை என்று எங்கள் செக்கிங் பகுதியில் இப்போது வெகு ஆவலோடு விசாரிக்கின்றனர்.