பயணவழி உணவகப் பிரதாபம்

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குச் சாப்பாட்டு வியாபாரம் சுத்தமாகத் தெரியாது. எங்கள் வண்டியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கிய கள்ளழகர், வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்கிறார். வழிநெடுக மண்டகப்படி. அவர் நிற்கிற இடமெல்லாம் பானகம், நீர்மோர், தயிர்சாதம். கூட வருகிற கூட்டத்திடம் பத்துப் பைசா வாங்கத் தோன்றியதா யாருக்காவது? ராணி மங்கம்மாளுக்கும் இதே கோளாறுதான். வழிப்போக்கர்களுக்குச் சாலை போட்டதோடு நிற்காமல் சத்திரமும் கட்டிவைத்தார். ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பேரில் இன்றும் ஒன்று இருக்கிறது. 2013-இல் வந்த அம்மா உணவகமோ இட்லியை 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதத்தை 5 ரூபாய்க்கும் கொடுத்து நம்மை அடியோடு கெடுத்துவிட்டது.

இப்படிக் கெட்டுப்போனவர்களைத் திருத்தவே நெடுஞ்சாலையில் அவதரித்திருக்கிறது பயணவழி உணவகம்.

மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவருக்கு அந்தத் தரிசனம் தானாகக் கிட்டும். திருச்சி தாண்டி, அசந்து தூங்கும் நேரம் பார்த்து விளக்கு எரியும். ஒரு பையன் தடியால் பஸ்ஸின் விலாவில் டமடமவென்று தட்டி, “வண்டி பத்து நிமிசம் நிக்கும்! டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம்!” என்று கூவுவான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நம்மை இப்படி வருந்தி அழைத்ததில்லை.

எங்கே சாப்பிடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. அரசு பஸ் எங்கே நிற்பது என்பதை டெண்டர் தீர்மானித்துவிடுகிறது. அந்த உரிமைக்கு உணவகம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறது. சுற்றிலும் பொட்டல், நடந்துபோக வேறு கடை இல்லை. ஆகவே ருசி காட்டி ஆள் பிடிக்கும் அற்பப் பிழைப்பு இவர்களுக்குத் தேவையில்லை. சால்னா சரியில்லையென்றால் நாளைக்கு எவனும் வரமாட்டான் என்று பயந்து சாகிற மதுரைப் புரோட்டாக் கடைக்காரர் இந்த நிம்மதியைக் கனவிலும் காண முடியாது.

வேகமோ அபாரம். நாகையில் காத்தான் சத்திரத்தில் சோறு வரத் தாமதமாகிறது என்று காளமேகம் பாட்டே கட்டிவிட்டார். இங்கே வந்திருந்தால் அவர் வாயடைத்துப் போயிருப்பார். டோக்கனை நீட்டிய மறுகணம் தோசை வரும். பொழுது சாயும்போதே சுட்டு அடுக்கிவைத்த முன்யோசனை அது. சாம்பாரில் பருப்பு குறுக்கே வந்து இடைஞ்சல் செய்யாது. தட்டின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாளின் சுருக்கங்களைச் சாம்பாரின் வழியே எண்ணிவிடலாம். 2019 ஜனவரியில் தடை வந்த பிறகும் அந்தத் தாளைக் கைவிடாத விசுவாசத்தை என்னவென்று சொல்ல! தண்ணீர் பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சடித்தது கம்பெனிக்காரனின் தாழ்வு மனப்பான்மை. 30 ரூபாய் வாங்கி அதன் மதிப்பை உயர்த்துவது இவர்களின் பெருந்தன்மை.

விருந்தோம்பல் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், ஓட்டுநரும் நடத்துநரும் நுழையும் தனி அறையின் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க வேண்டும். சுடச்சுடச் சாப்பாடு, கேட்காமலே ஆம்லெட், பில் என்ற பேச்சே கிடையாது.

அரசும் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது, கணினி ரசீது தரவேண்டும், புகார்ப் பெட்டி வைக்கவேண்டும், கழிப்பறைக்குக் காசு வாங்கக் கூடாது என்றெல்லாம் 2022-இல் டெண்டர் நிபந்தனை போட்டது. கூடவே இருந்த ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனைக்கு எதிர்ப்புக் கிளம்பியது, அதை எடுத்துவிட்டார்கள். மற்றவற்றை யாரும் எதிர்க்கவில்லை. ஆகவே அவை காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எனவே வண்டியூர் மக்களே, ஒரு வேண்டுகோள். பஸ் ஏறும்போது புளியோதரைப் பொட்டலமும் வீட்டுத் தண்ணீரும் எடுத்துப்போய் அந்தப் புண்ணியவான்கள் வயிற்றில் அடிக்காதீர்கள். பாட்டிலில் அச்சான விலையைப் படிக்காதீர்கள். ரசீது கேட்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைத் தப்பித்தவறியும் அழைக்காதீர்கள். எல்லாரும் இதையெல்லாம் செய்ய ஆரம்பித்தால் அவர்கள் சாம்பாரில் பருப்புப் போட வேண்டி வந்துவிடும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு?