தொண்ணூற்றொன்றில் இரண்டாவது

1982 நவம்பரில் வெளியான மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை ரசிகர்கள் இன்னும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அதிலுள்ள ‘பில்லி ஜீன்’ பாட்டை ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடீன் 91 முறை மிக்ஸ் செய்தார். கடைசியில் தேறியது இரண்டாவது. அதற்குப் பிந்தைய 89 எதற்கு என்று கேட்டால் பக்தர்களுக்குக் கோபம் வரும். தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் தொடக்க இசையைச் சுருக்கச் சொன்னபோது, அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்றார் ஜாக்சன். ஆடுகிறவர் சொன்னபின் மேல்முறையீடு ஏது?

அதே ஆல்பத்தின் ‘பீட் இட்’ பாட்டுக்குக் கிட்டார் வாசித்த எடி வான் ஹேலன் காசே வாங்கவில்லை. ஆல்பமோ கோடிக்கணக்கில் விற்றது! ரசிகர்களின் கவலை அதுவல்ல: அந்த வாசிப்புக்குச் சற்றுமுன் கேட்கும் ‘டொக் டொக்’ யார் கைவேலை? டிரம் பெட்டியைத் தட்டியவர் என்று ஆல்பக் குறிப்பில் ஜாக்சன் பெயரே இருக்கிறது. அதெல்லாம் செல்லாதாம், அது கதவுதான் என்கிறது ஒரு கட்சி.