விரலை விரட்டுவது எப்படி?

பியானோ வாங்கிவிட்டீர்கள். உண்மையில் அது 61 கட்டை கீபோர்டுதான் என்றாலும் வாட்ஸப்பில் படம் போட்டபோது பியானோ என்றே எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, வேகம். இசை வந்தால் வரட்டும், அவசரமில்லை. வாசிப்பில் உயிர் இருக்கிறதா என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வேகம் அப்படியா? லிஃப்டுக்குக் காத்திருக்கும் எதிர்வீட்டு மாமாவுக்குக் கதவுக்கு வெளியிலிருந்தே தெரியும்.

முதலில் இலக்கு. 2019-இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில், ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஓர் ஓபராவில் வண்டு பறப்பதற்கு எழுதிய இசையை நிமிடத்துக்கு 208 தட்டு என்ற வேகத்தில் வாசித்தார். தாளம் தட்டிக் காட்டும் பழைய கூம்பு வடிவ மெட்ரோனோமில் 208-தான் கடைசிக் கோடு. அதற்குமேல் கருவிக்கே வழியில்லை. அவர் அதோடு நிற்காமல் 325-க்குப் போனார், பத்து லட்சம் டாலர் பரிசும் வாங்கினார். தட்டுக்கு நாலு சுரம் என்று கணக்குப் போட்டால் வினாடிக்கு 21 சுரத்துக்கு மேல். அன்றிலிருந்து ‘அந்தப் பையன் மாதிரி வாசிப்பியா?’ என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. “ரெண்டு மாசத்துல” என்று சொல்லிவையுங்கள். லிடியன் நடை பழகிய கையோடு டிரம்ஸில் உட்கார்ந்தவர் என்பதை அந்த இடத்தில் சொல்ல வேண்டாம்.

அடுத்தது மெட்ரோனோம். ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் உருவாக்க, மெல்செல் என்பவர் அதில் அளவுகோலை ஒட்டி 1815-இல் காப்புரிமை வாங்கிக்கொண்டார். உழைத்தவன் ஒருவன், பெயரைத் தட்டிச்சென்றவன் ஒருவன் என்ற இந்த நல்ல சகுனத்தோடு பிறந்த கருவியை 60-இல் வைத்து, சுத்தமாக வந்தபின் நாலு நாலாக ஏற்றச் சொல்வார்கள் ஆசிரியர்கள். நீங்கள் நேராக 208-இல் வையுங்கள். அதைப் பிடிக்க முடியாவிட்டால் அணைத்துவிடுங்கள். அணைத்த மெட்ரோனோமோடு யாரும் தாளம் தப்பியதில்லை.

கர்நாடக சங்கீதம் கற்ற உறவினர் வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்வது அவசியம். எங்கள் அத்தை வீணைக்காரர். சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்து வளர்ந்தவர். நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தவர், தலையைத் தூக்காமல், “ஏண்டா, முதல் காலமே இன்னும் வரலையே, மூணாம் காலத்துக்கு எங்க ஓடறே?” என்றார். இப்படிப்பட்டவர்கள் உற்சாகத்தைக் கெடுப்பார்கள்.

பயிற்சிப் புத்தகம் இல்லாமல் முடியாது. ஹானோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1873-இல் வெளியிட்ட 60 பயிற்சிகளைத் தினமும் ஒரு மணி நேரத்தில் முழுக்க வாசித்துவிடலாம் என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு மணி நேரமும் டிவியில் சீரியல் ஓடட்டும். மாமியார் விஷம் வைக்கும் இடத்தில் பன்னிரண்டாம் பயிற்சி தானாக வேகமெடுக்கும். போரடித்தால் செர்னி. பேத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் ஆசிரியர், ‘வேகப் பள்ளி’ என்றே பெயர் வைத்து எழுதியவர். அவர் போட்டிருக்கும் மெட்ரோனோம் எண்களைப் பார்த்தால் பயிற்சிக்கு எழுதினாரா, பழிவாங்க எழுதினாரா என்று தோன்றும்.

இனி உடற்கூறு, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விரலை மடக்கி நீட்டும் முக்கியத் தசைகள் விரலுக்குள் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்களால் பொம்மலாட்டம் போல விரலை இழுக்கின்றன. அதனால் விரலைக் குண்டாக்கும் முயற்சி வீண். ஆனால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் பார்ப்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும், அமுக்குங்கள்.

உண்மையான வில்லன் மோதிர விரல். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை உள்ளே மடக்கி, மற்றவற்றைப் பதியவைத்துவிட்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்து மூன்றாவது மருமகள் மாதிரி, தானாக எதுவும் செய்யமுடியாது. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்கே பின்னிக்கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பின்னலைக் கத்தியால் வெட்டிவிட்ட மருத்துவர்களும், கையை நீட்டிய பியானோக்காரர்களும் இருந்தார்கள். நாம் நகம் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கத்திக்குப் பயந்தவர்களுக்கு இயந்திரம் இருந்தது. லோஜியர் என்பவர் 1814-இல் கையை இரு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தும் சட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஹெர்ட்ஸ் விரலுக்கொரு வளையத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். ராபர்ட் ஷூமான் இளவயதில் இப்படி ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டினார். அதனால்தானா, வேறு காரணமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனால் வலது கை விரல் கெட்டது. மேடைக் கனவு போய் இசையமைப்பாளர் ஆனார், அவர் எழுதியதை மனைவி கிளாரா ஊர் ஊராக வாசித்தார். ஸ்க்ரியாபின் என்ற இன்னொரு இசையமைப்பாளர் கடினமான உருப்படிகளை வெறித்தனமாக வாசித்து வலது கையைக் கெடுத்துக்கொண்டு, இடது கைக்கு மட்டும் இரண்டு உருப்படி எழுதினார், ஓபஸ் 9. ஆகவே மணிக்கட்டில் வலி வந்தால் நிறுத்தாதீர்கள். உங்களுக்கும் ஓர் ஓபஸ் எண் காத்திருக்கலாம்.

ஷோப்பேனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். பியானோ என்றால் ஸி மேஜர், வெள்ளைக் கட்டை, நேர் வரிசை என்று உலகம் தொடங்க, அவர் மாணவர்களை பி மேஜரில் தொடங்கவைத்தார். நீள விரல்கள் கறுப்புக் கட்டைமேல், குட்டை விரல்கள் வெள்ளைமேல் என்று கை தன் வடிவத்திலேயே உட்காருமாம். விரல்கள் எல்லாம் சமம் ஆகவேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் என்பாராம். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் வாசிக்காதே என்று வேறு சொல்லியிருக்கிறார். இவரை நம்பினால் மோதிர விரலோடு சமாதானமாகப் போகவேண்டிவரும். அவருடைய ‘மினிட் வால்ட்ஸ்’ வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை ‘மைன்யூட்’ என்று, குட்டி என்ற பொருளில் படிக்கவேண்டும். ‘மினிட்’ என்று படித்துவிட்டு 60 வினாடிக்குள் முடிக்க ஓடியவர்கள் ஏராளம். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம் ஆகும்.

இத்தனைக்கும் பிறகும் வேகம் வரவில்லையா? கருவியைக் குறை சொல்லுங்கள். ‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று சிரிப்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். 1821-இல் எரார் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், கட்டை முழுக்க மேலே வருவதற்குள்ளேயே சுத்தியலை மறுபடி அடிக்கவைக்கலாம். அந்த வசதி கிராண்ட் பியானோவில் உண்டு. சுவரோரம் நிற்கும் அப்ரைட்டில் வழக்கமாகக் கிடையாது. மழைக்காலத்தில் மரம் ஊறிக் கட்டை இறுகிக்கொண்டால் உங்கள் பக்கம் நியாயம் இன்னும் கூடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இது சொந்த அனுபவம். வகுப்பில் ஒருநாள் என் டீச்சர் தோளைத் தொட்டு, “இதை எதுக்கு சார் காது வரைக்கும் தூக்கி வெச்சிருக்கீங்க? இறக்குங்க” என்றார். இறக்கினேன். விரலைக் கட்டைக்கு மேலே ஓர் அங்குலம் தூக்கித் தூக்கி அடிப்பதையும் விடச் சொன்னார். கட்டை இறங்கும் ஆழமே ஒரு சென்டிமீட்டர்தானாம். பிறகு மெட்ரோனோமை 50-இல் வைத்து, எட்டு மாதமாக நான் பறந்துகொண்டிருந்த அதே உருப்படியை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் ஒரு சுரம் தப்பாக விழுந்தது. மறுபடி வாசித்தேன், அதே இடம், அதே மோதிர விரல், அதே தப்பு. எட்டு மாதமும் அது அங்கேயேதான் விழுந்திருக்கிறது. எனக்கும் கேட்கவில்லை, எதிர்வீட்டு மாமாவுக்கும் கேட்கவில்லை. கீரை ஆய்ந்த அத்தைக்குக் கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

எனவே 50-இல் மட்டும் வாசிக்காதீர்கள்.