காக்காக்கடியும் அடுக்குத்தும்மலும்

காக்காக்கடி என்பது தின்பண்டத்தைச் சட்டை நுனியால் மூடி, துணிக்கு மேலே பல்லால் கடித்து உடைத்துப் பங்கிடும் சிறார் முறை. துணிக்கு உள்ளே இருப்பது எச்சில் ஆகாது என்பது இதன் மூலக்கொள்கை. தமிழ்நாடெங்கும் வழங்கும் இம்முறைக்குச் சென்னையை அடுத்த திருமழிசையும் விலக்கல்ல. கமர்கட்டும் கடலைமிட்டாயும் இதற்கு உகந்தவை. தேன்மிட்டாய் பாதி துணியிலேயே தங்கிவிடும்.

எச்சிலைத் தடுக்கும் அந்தச் சட்டை நுனியின் அன்றைய வரலாறு கவனிக்கத்தக்கது. காலையில் அது மூக்கைத் துடைத்திருக்கும், இடைவேளையில் கோலிக்குண்டை, இடையிடையே சிலேட்டை. ஆக, காக்காக்கடி ஒருவர் வாயின் கிருமியை ஓரளவு விலக்கி, தெருவின் கிருமிகளை முழுமையாக வரவேற்கிறது. இது ஒவ்வாமையைத் தடுக்குமா என்பதே கேள்வி.

1989-இல் பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராச்சன், 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பேரின் விவரங்களை ஆராய்ந்தார். அண்ணன் அக்காமார் கூடக்கூட, மகரந்தத்தால் வரும் தும்மல் நோய் குறைந்திருந்தது. மூத்தவர்கள் கொண்டுவரும் தொற்று இளையவர்களைக் காக்கலாம் என்றார். காக்காக்கடியில் கடிக்கும் உரிமை மூத்தவருக்கே. பெரிய துண்டும் அவருக்கே. இளையவருக்கு மிஞ்சுவது சிறிய துண்டும், ஸ்ட்ராச்சன் கணக்குப்படி, சற்றே தும்மல் குறைந்த வாழ்வும்.

விரல் சப்புவதும் நகம் கடிப்பதும் இதேபோல் கிருமியை வாய்க்குள் கொண்டுசெல்பவை. அவை ஒவ்வாமையைக் குறைக்கலாம் என்பதற்குச் சான்று நியூசிலாந்தின் டுனீடினில் கிடைக்கிறது. 1972-73-இல் அங்கே பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் இந்தப் பகுதி 2016-இல் வெளியானது. 13 வயதில் தோலில் ஊசி குத்திச் சோதித்தபோது, இவ்விரு பழக்கமும் இல்லாதவர்களில் 49 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமைக் கூறு தென்பட்டது. இரண்டும் உள்ளவர்களில் 31 விழுக்காடுதான். பழக்கத்தை நிறுத்த வேப்பெண்ணெய் தடவிய விரல்கள் அக்கணக்கில் இல்லை. ஆஸ்துமாவிலோ மூக்கொழுகலிலோ வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோல் சொன்னதை மூக்கு கேட்கவில்லை.

அடுத்தது தூசு. அமெரிக்காவில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி வாழும் ஆமிஷ் என்னும் சமயக் குழுவின் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 விழுக்காடு. அவர்களைப் போன்ற வம்சாவளியினரே ஆயினும், இயந்திரப் பண்ணைகளுக்குத் தள்ளி வாழும் ஹட்டரைட் என்னும் சமயக் குழுவின் பிள்ளைகளில் சுமார் 21 விழுக்காடு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்ப் பொருள் பன்மடங்கு அதிகம். திருமழிசையிலும் தூசுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொழிற்பேட்டைப் புகையும் நெடுஞ்சாலை லாரிப் புழுதியும் மாட்டுக்கொட்டகைத் தூசி அல்ல. டீசல் புகை ஒவ்வாமையைக் கிளறிவிடும் கட்சியைச் சேர்ந்தது. அழுக்கு என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கியதுதான் ஒவ்வாமை பற்றிய பேச்சின் பெரிய குழப்பம்.

கிருமிக்கு அஞ்சிய காலமும் இவ்வூருக்கு உண்டு. 2020 மே மாதம் கொரோனாப் பெருந்தொற்றுக்கு அஞ்சிச் சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கே பெயர்ந்து சில மாதம் தங்கியது. அவ்வாண்டு முகக்கவசமாக முகத்தில் ஏறிய துணிக்கும் காக்காக்கடித் துணியின் கொள்கையே. துவைப்பு மட்டும் அதிகம்.

எல்லாக் கிருமியும் நண்பன் அல்ல. 2003-இல் ஆய்வாளர் கிரஹாம் ரூக் 'பழைய நண்பர்கள்' என்று அழைத்தது, மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்துவரும் மண், குடல் நுண்ணுயிர்களையும் சில புழுக்களையும்தான். சளி அந்த நட்பு வட்டத்தில் இல்லை. ஊரில் 'இஸ்னோபீலியா' என்ற நோய்ப் பெயரால் புகழ்பெற்ற ஈசினோஃபில் வெள்ளையணு புழுவை எதிர்க்கவும் கிளம்பும், ஒவ்வாமையிலும் கிளம்பும். புழு இல்லாத வேளையில் அப்படை வீட்டுத் தூசியோடு சண்டைக்குப் போகிறது என்பது ஒரு விளக்கம்.

இந்திய அரசு புழுவின் நட்பை ஏற்பதில்லை. 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முழு மாத்திரை. ஆசிரியர் முன்னிலையிலேயே மென்று விழுங்க வேண்டும். இதில் காக்காக்கடிக்கு இடமில்லை.